எழுதிக் கொடுங்க சார்

நாலாவது செமஸ்டர் பிராக்டிகலில் இசக்கிராணிக்கு முழு மார்க் வந்திருந்தது. அம்மா விஜயலட்சுமி வேலை முடிந்து வரும்போதே ஜிலேபி வாங்கி வந்துவிட்டாள். இசக்கி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்னட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"செய்யாத வேலைக்கு மார்க்குப் போட்டிருக்காங்க. அதுக்கு இனிப்பு வேறயா?"

அவள் சொன்னது பொய்யில்லை. குர்லாவில் அவள் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்த காலேஜில் லேப் என்று ஓர் அறை உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். பிராக்டிகல் நாளில் லேப் அசிஸ்டென்ட் பஞ்சு வகுப்பறைக்கே வந்து, எப்போதோ யாரோ எழுதிய ரெக்கார்டு நோட்டான ஜர்னலைப் பிரித்து ரீடிங்குகளைச் சத்தமாக வாசிப்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே விடை வந்தால் நன்றாக இருக்காது என்று, "நீ கடைசி நம்பரை மட்டும் மாத்திக்கோ" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு போவார். பரீட்சைக்கும் அதேதான்.

இப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது என்று இசக்கி ரொம்ப நாள் நினைத்திருந்தாள். பிப்ரவரியில் மாட்டுங்காவில் ஒரு காலேஜில் சயன்ஸ் விழா நடந்தது. சும்மா பார்க்கப் போனாள். அங்கே ஓர் இருட்டறையில் மஞ்சள் சோடியம் விளக்கை எரியவிட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்திருந்தார்கள். அந்தக் கருவியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, கோணங்களை எல்லாம் அவள் ஜர்னலில் எழுதியிருக்கிறாள். கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "டெலஸ்கோப்பைத் திருப்புங்க" என்றாள். எதைத் திருப்புவது என்று இசக்கிக்குத் தெரியவில்லை.

"நீங்க என்ன படிக்கிறீங்க?"

"செகண்ட் இயர் ஃபிசிக்ஸ்."

அந்தப் பெண் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தானே திருப்பிக் கொடுத்தாள். இருட்டுக்குள் ஒட்டி ஒட்டி இரண்டு மஞ்சள் கோடுகள் நின்றன. இசக்கி கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள். சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவியில் இருக்கும் வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்தப் பெண் கேட்காமல் விட்ட கேள்விதான் அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அதனால் ரிசல்ட் வந்த மறுநாளே மாட்டுங்கா காலேஜ் ஆபீஸுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த அகிலாண்டம் என்ற அம்மாள் தமிழ்க்காரர்தான். ஆனால் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"தேர்ட் இயர் ஃபிசிக்ஸ்ல மூணு எடம் காலி இருக்கு. அதே யூனிவர்சிட்டிதானே? எடுத்த பேப்பரெல்லாம் ஒத்துப்போகணும். மார்க் பாத்துத்தான் எடுப்பா. உங்க காலேஜ்லேருந்து என்.ஓ.சி. வேணும், நீ வெளியே போக ஆட்சேபணை இல்லைன்னு. அது இல்லாம இந்தப் பக்கம் வராதே."

"எப்பக்குள்ள தரணும் மேடம்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள. பேப்பர் முன்னாடி வரட்டும், நீ பின்னாடி வா."

இசக்கி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சிலபஸ்களை இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பேப்பர்கள் ஒத்துப்போயின. மார்க்‌ஷீட்டுகளுக்கு நகல் எடுத்தாள். லைப்ரரியில் திருப்ப வேண்டியதைத் திருப்பினாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

பிரின்சிபால் அனந்தகிருஷ்ணன் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலத்தில் ஃபிசிக்ஸ் வாத்தியார். ஆபீஸில் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசுகிறவர், இவளைக் கண்டால் தமிழுக்கு மாறிவிடுவார்.

"உக்காரும்மா. என்.ஓ.சி.யா? இங்க என்ன கொறை ஒனக்கு?"

"லேப் இல்ல சார்."

"லேப் இருக்கே."

"பூட்டிக் கெடக்கு சார்."

"ட்ரஸ்ட்டுக்கு எழுதியிருக்கேன். சாமானெல்லாம் வரும்."

"எப்ப எழுதுனீங்க சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அதெல்லாம் நீ கேக்கப்படாது. இப்ப நான் சொல்றதைக் கேளு. ஒங்க கிளாஸ்ல இருக்கறதே நாலு பேர். நீ போயிட்டா மூணு. மூணு பேருக்காகத் தேர்ட் இயர் நடத்த முடியாதுன்னு ட்ரஸ்ட்ல கண்டிஷனா சொல்லிட்டா. கிளாஸை மூடிடுவா. அந்த மூணு கொழந்தைகளும் எங்க போகும்? யோசிச்சியோ?"

இதை அவள் யோசிக்கவே இல்லை.

"போ. போய்ப் படி. ஒனக்கு மார்க்குக்கு நான் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால், அவள் ஒருவேளை அடங்கியிருப்பாள். குர்லா ஸ்டேஷன் பாலத்தில் கூட்டம் இடித்துத் தள்ள, அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். அவர் மிரட்டியது பொய்யில்லை, கிளாஸை மூடத்தான் செய்வார்கள். ஆனால் பூட்டிய லேபுக்கு முன்னால் இவளை உட்கார வைத்துவிட்டு, அந்தப் பழியையும் இவள் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்.

மறுநாள் காலேஜுக்கு வெளியே சாண்ட்விச் வண்டிப் பக்கம் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். குர்லாவில் செருப்புக்கடை வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் மகள் சாதியா. பூர்வீகம் மேலப்பாளையம். திலக் நகரிலிருந்து வரும் சாருலதா. அவள் அப்பாவுக்கு பேங்கில் வேலை. மூன்றாவது ஆள் ரோஷன், சாயந்திரங்களில் மாமாவின் மோட்டார் வைண்டிங் பட்டறையில் உட்காருகிறவன். அவனுக்குத் தமிழ் பாதிதான் புரியும் என்பதால் நாலு பேர் கூடினால் இந்தியும் தமிழும் கலந்துதான் ஓடும்.

கேட்டு முடித்ததும் சாதியாவுக்குத்தான் முகம் சிவந்தது.

"அப்ப சொல்லாம கொள்ளாம போவப் பாத்திருக்க."

"ஆமா."

"ஆமான்னு வேற சொல்லுதியே! எங்க வாப்பா என்னய இங்க அனுப்புறதே வீட்டுலேருந்து நடந்து போற தூரம்னுதான். இந்தக் கிளாஸ மூடிட்டா எனக்குப் படிப்பே கெடையாது. தெரியும்லா?"

"தெரியும். அதனாலதான் சொல்ல வந்தேன். நான் பேசாம போயிருந்தா நீ நோட்டீஸ் போர்டப் பாத்துத்தான் தெரிஞ்சிருப்ப."

சாதியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரோஷன் சட்னி ஒழுகும் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே, "பட்டறையில நான் தொட்ட மல்டிமீட்டரை இந்தக் காலேஜ்ல ஒரு தடவைகூடத் தொட்டதில்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"அவரு என்ன சொன்னாரு? ஒருத்தி போனா மூணு பேருக்குக் கஷ்டம். அப்படித்தானே?" என்றாள் இசக்கி. "நாலு பேரும் போனா?"

சாருலதா தலையை நிமிர்த்தினாள். "அங்க மூணு சீட்டுதான் இருக்குன்னியே."

"மூணுதான். எவனுக்குக் கெடைக்கும், எவளுக்குக் கெடைக்காதுன்னு இப்பத் தெரியாது. செம்பூர்ல ரெண்டு காலேஜ் இருக்கு, அங்கயும் கேக்கலாம். ஆனா இங்க இருந்தா நாலு பேருக்கும் ஒண்ணுமில்ல. அது மட்டும் இப்பவே தெரியும்."

சாதியா இந்தப் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் போயிருக்கவில்லை.

"எப்ப எழுதிக் குடுக்கணும்?"

"இன்னைக்கே."

"வாப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, இனிமே எதையும் என்கிட்ட மறைச்சன்னா செருப்பு பிஞ்சிரும். எங்க கடையில நெறைய இருக்கு."

அன்று மத்தியானமே நாலு பேரும் என்.ஓ.சி. கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ப்யூன் நாலையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்தும் இல்லை, காரணமும் இல்லை. "பிரின்சிபால் சாப் பேரன்ட்ஸோட பேசணும்னு சொன்னார்" என்றார்.

நாலு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கலீனாவுக்கு, யூனிவர்சிட்டி ஆபீஸுக்குப் போனார்கள். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குத் துரத்தினார்கள். கடைசியாக ஒரு மராத்திக்காரர் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"தர மாட்டேன்னு சொன்னாரா?"

"ஆமா சார்."

"எழுத்துல சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப அவர் சொல்லவே இல்லன்னு வச்சுக்கோ. தரணும், இல்லன்னா ஏன் தரலன்னு எழுதித் தரணும். அந்தக் காகிதத்தைக் கொண்டு வா, மேல அனுப்பறேன். வாய்ப்பேச்சை எந்த ஃபைல்ல வைக்க?"

திரும்பி வரும்போது சாருலதா கேட்டாள், "ஏன் தரலன்னு அவர் என்ன எழுதுவார்?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்" என்றாள் இசக்கி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபைத் திறக்காததால் பிள்ளைகள் போகிறார்கள், போனால் வகுப்பு மூடிவிடும், அதனால் தரமாட்டேன் என்று எந்தப் பிரின்சிபால் எழுதுவார்?

ஆனால் அவர்களுக்கு முன்னால் பிரின்சிபால் முந்திக்கொண்டார். இசக்கியின் அப்பாவுக்கு போன் போட்டுவிட்டார். அப்பா அய்யாத்துரை டெம்போ ஓட்டுகிறவர். போலீஸ், ஆபீஸ், கையெழுத்து என்றாலே ஒதுங்கிப்போகிற மனிதர். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"ஏட்டி, என்ன பண்ணி வச்சிருக்க? நாலு புள்ளையளச் சேத்துக்கிட்டு கலாட்டா பண்ணுதியாம். நாளைக்கு என்னய வரச் சொல்லியிருக்காரு. காலேஜ விட்டே எடுத்துட்டான்னா என்ன செய்வ?"

"நானே விடுதேன்னுதானப்பா எழுதிக் குடுத்திருக்கேன். அவரு எப்படி எடுப்பாரு?"

"வாய்க்கு வாய் பேசாத. நாளைக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டு வேலயப் பாரு."

"மன்னிப்புக் கேக்க மாட்டேன். நீ வா, வந்து நில்லு. என்ன நடக்குதுன்னு பாரு. அதுக்கப்புறம் நீ கேளுன்னா கேக்கேன்."

அம்மா நடுவில் வந்து, "போய்த்தான் பாருங்களேன். புள்ள திருடவா செஞ்சா?" என்றாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் பிரின்சிபால் அறையில் நாலு பிள்ளைகளும் ஓர் அப்பாவும் நின்றார்கள். அனந்தகிருஷ்ணன் அய்யாத்துரையை மட்டும் உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க பெரியவர், ஒங்களுக்குப் புரியும். நன்னா படிக்கற பொண்ணு. மார்க்கெல்லாம் நன்னா வாங்கறா. கடைசி வருஷத்துல போய்க் காலேஜ் மாத்தினா கெட்டுப்போயிடும். சொல்லுங்கோ அவகிட்ட. ஒங்க ஏரியாலேருந்து ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு இல்லையா?"

அய்யாத்துரை தலையாட்டிக்கொண்டே வந்தவர், அந்தக் கடைசிப் பேச்சில் நிறுத்திவிட்டார்.

இசக்கி மேஜைப் பக்கத்தில் வந்து, திரும்பி வந்த தன் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், நாங்க நேத்து கலீனாவுக்குப் போயிருந்தோம். என்.ஓ.சி. குடுங்க. இல்லன்னா ஏன் குடுக்கலன்னு எழுதிக் குடுங்க. எது குடுத்தாலும் வாங்கிக்கிடுதோம்."

"என்ன, மிரட்டறியா?"

"இல்ல சார். நீங்க என்கிட்ட வாயால சொன்னீங்கள்ல, அதையே எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சாதியா தன் காகிதத்தையும் மேஜைமேல் வைத்தாள். பின்னாலேயே சாருலதாவும் ரோஷனும் வைத்தார்கள். அனந்தகிருஷ்ணன் பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத்தாளை இழுத்துத் தேதி போட்டார். பேனா அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அய்யாத்துரையைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி.

அய்யாத்துரை எழுந்துகொண்டார். "சார், ஏரியாவ விடுங்க. எம்மவ கேக்குறத எழுதிக் குடுத்துருங்க."

அனந்தகிருஷ்ணன் தேதி போட்ட தாளை மடித்து டிராயருக்குள் வைத்தார். பிறகு நாலு காகிதத்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்ப் அடிக்க ப்யூனைக் கூப்பிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்த டிபார்ட்மென்ட்டை ஆரம்பிச்சதே நான்தான். தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் கண்ணைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. இசக்கி அதைக் கவனித்தாள். இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"லேபத் தொறந்து வச்சிருந்தீங்கன்னா நாங்க எங்கயும் போயிருக்க மாட்டோம் சார்."

வெளியே வந்ததும் அய்யாத்துரை டெம்போவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லை என்றதும் நாலு பேருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாட்டுங்காவில் லிஸ்ட் ஒட்டிய அன்று நாலு பேரும் சேர்ந்தே போனார்கள். முதல் பெயர் சாதியா. அடுத்தது சாருலதா. மூன்றாவது ரோஷன். இசக்கிராணியின் பெயர் கோட்டுக்குக் கீழே, வெயிட்டிங் என்ற இடத்தில் இருந்தது. இரண்டாவது செமஸ்டரில் மஞ்சள் காமாலையோடு போய் எழுதிய மேத்ஸ் பேப்பர் அவளைக் கீழே இழுத்திருந்தது.

மற்ற மூன்று பேருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. சாதியா அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தா பாரு, நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன். நீ சேந்துக்க. எல்லாத்தையும் ஆரம்பிச்சது நீதானே?"

"லூசாட்டி நீ?"

"நெசமாத்தான் சொல்லுதேன். வாப்பாவுக்கும் ட்ரெயின்ல போறது அவ்வளவா பிடிக்கல—"

"அவரு பிடிக்காமயா மாட்டுங்கா அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட்டாரு? உனக்கு மார்க்கு வந்திருக்கு, உனக்குச் சீட்டு. நீ விட்டுக்குடுத்து நான் படிக்கணுமா? போ, போயி ஃபீஸக் கட்டு. கட்டிட்டு ரசீத என்கிட்ட காட்டு."

சாதியா அழுதாள். இசக்கி அழவில்லை. அவளுக்கு அப்போது வந்தது கோபம்தான், யார் மேல் என்று தெரியாத கோபம். ரசீதைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள். செம்பூருக்கு டிக்கெட் எடுத்து, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறிப் போனாள். முதல் காலேஜில் இடமில்லை என்றார்கள். இரண்டாவதில், "எச்.ஓ.டி. சரின்னா பார்க்கலாம்" என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

எச்.ஓ.டி. காம்ப்ளே மேடம் ஃபைலை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவள் ஜர்னலை வாங்கிப் புரட்டினார். இந்தியில்தான் பேசினார்.

"எழுத்து நல்லா இருக்கு. கிராஃப் நல்லா இருக்கு. இதுல எதெல்லாம் நீ செஞ்சே?"

"எதையும் செய்யல மேடம்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப இது?"

"சொன்னாங்க, எழுதுனேன். மார்க் போட்டாங்க. அதனாலதான் அங்கேருந்து வெளிய வந்தேன். உங்க லேப் திறந்திருக்குன்னா என்னைச் சேத்துக்கங்க. அங்க மாதிரி பூட்டித்தான் வச்சிருக்கீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற இடம் பாக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், இதுவும் போச்சு என்று இசக்கிக்குத் தோன்றியது. காம்ப்ளே மேடம் ஜர்னலை மூடினார்.

"இடம் கேக்க வந்தவ மாதிரி பேசலயே நீ."

மேடம் ஜர்னலை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"லேப் திறந்திருக்கு. ஆனா தேர்ட் இயர் பிராக்டிகலுக்கு உன்னை அப்படியே விட முடியாது. சனிக்கிழமை சனிக்கிழமை செகண்ட் இயர் பசங்களோட உட்காந்து, இதுல இருக்கற ஒவ்வொண்ணையும் கையால செய்யணும். ஒண்ணு விட்டாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்."

"சின்னப் பசங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுக்கட்டும்."

ஜூலையில், மழை ஓயாமல் அடித்த ஒரு சனிக்கிழமை, அவள் செம்பூரில் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தார்கள்தான். ஒருத்தி, "தீதி, ஃபெயிலா?" என்று வாய்விட்டே கேட்டாள். இசக்கி வயர்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் பார்த்தபடிதான் மாட்டுகிறோம் என்று நினைத்தாள். நடுவில் ஒரு ரெசிஸ்டென்ஸை விட்டுவிட்டு பேட்டரியை நேராகக் கால்வனாமீட்டரில் கொடுத்துவிட்டாள். முள் ஓரத்தில் போய் டக்கென்று இடித்து வளைந்துபோயிற்று.

லேப் அசிஸ்டென்ட் ஓடி வந்தார். "என்ன இது? தேர்ட் இயர்ங்கறே, இதுகூடத் தெரியாதா?"

லேபே திரும்பிப் பார்த்தது. இசக்கி வளைந்த முள்ளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றாள். "இன்னொண்ணு குடுங்க."

"இதையும் உடைக்கவா?"

"உடைஞ்சாலும் உடையும். குடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அலமாரியைத் திறந்து வேறொன்றை எடுத்து வந்து, கொஞ்சம் ஓசையோடு மேஜைமேல் வைத்தார். இசக்கி மாட்டியிருந்த வயர்களை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஃபெயிலா என்று கேட்டவள் தன் ஸ்டூலை இசக்கியின் மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இந்தத் தடவை இசக்கி விட்டுப்போன ரெசிஸ்டென்ஸை முதலில் மாட்டினாள், பேட்டரியைக் கடைசியில்தான் இணைத்தாள்.